வளை வாசலில் ஒரு காகம்

பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரம் நட்பைப் பெறுவதைப் பற்றியது. வேடன் விரித்த வலையில் அகப்பட்ட புறாக்கள் வலையோடு சேர்ந்தே பறந்து, எலி ஒன்றின் வளைக்கு அருகே வந்து இறங்குகின்றன. எலி வலையைக் கடித்து அறுத்து அவற்றை விடுவிக்கிறது. பின்தொடர்ந்து வந்து இதைப் பார்த்த காகத்துக்கு, இப்படியொரு நண்பன் தனக்கும் வாய்த்தால் நல்லது என்று தோன்றுகிறது. வளை வாசலில் நின்று அழைக்கிறது. எலி வெளியே வரவில்லை. தான் இரை, காகமோ இரையைத் தின்பது. இவ்விருவருக்கும் இடையே நட்பு எங்கிருந்து வரும் என்று உள்ளிருந்தபடியே கேட்கிறது.

இன்று இந்தியாவில் விற்பனையாகும் சிறுவர் கதைப்புத்தகங்களில் விலங்குகளின் சாகசத்தையும் நட்பையும் சொல்பவை ஏராளம். இந்தக் கதையும் அவற்றில் பல வடிவங்களில் உண்டு. ஆனால் சுருக்கி எழுதப்பட்ட வடிவங்கள் பலவற்றில் எலியின் அந்தக் கேள்வியைக் காணோம். காகமும் எலியும் நண்பர்கள் ஆயின என்ற ஒற்றை வாக்கியமும், எதிர்ப்பக்கத்தில் சிரிக்கும் இரண்டு முகங்களும் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. அடுத்த பக்கத்தில் ஆமை, அதற்கடுத்த பக்கத்தில் மான், பிறகு வேடன், மீட்பு, முடிவு. சாகசம் முழுமையாக இருக்கிறது. நட்பு மட்டும் காரணமின்றி வந்துசேர்ந்துவிடுகிறது.

மூலத்தில் அந்த உரையாடல் சிறியதன்று. சமஸ்கிருத வடிவங்களில் எலி பகையை இரண்டாகப் பிரிக்கிறது. ஏதோவொரு காரணத்தால் விளைந்த பகை ஒன்று. பிறவியிலேயே அமைந்த பகை மற்றொன்று. முன்னது காரணம் நீங்கினால் நீங்கும், பின்னது நீங்காது. கீரியும் பாம்பும், புல் மேய்வனவும் நகத்தால் கிழிப்பனவும் என்று சான்றுகளையும் அடுக்குகிறது. காகம் வாதாடுகிறது. வாதம் பலிக்காதபோது வாசலிலேயே பட்டினி கிடந்து உயிர்விடப்போவதாகச் சொல்கிறது. கடைசியில் எலி இணங்கும்போதும் நிபந்தனையோடுதான் இணங்குகிறது: காகம் வளைக்குள் கால் வைக்கக் கூடாது. அதன்பின் ஒருவருக்கொருவர் உணவு கொடுத்தும் வாங்கியும், பேசியும் கேட்டும், நாள்பட நாள்பட நம்பிக்கை முதிர்கிறது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அரபியில் எழுதிய ‘கலீலா வ திம்னா’வில் எலிக்கு மேலும் ஓர் ஐயம் எழுகிறது. வெளியே வரப் புறப்பட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. இந்தக் காகத்தின் மனம் தெரிந்துவிட்டது, இதன் இனத்தாருக்கும் இதே மனம் இருக்குமா என்பது அதன் கவலை.

இந்த இரண்டு கேள்விகளும் கதையின் ஓரத்தில் ஒட்டிய அலங்காரங்கள் என்று பதிப்பாசிரியர்கள் கருதுவதாகத் தெரிகிறது. அவற்றை வெட்டும்போது பக்கக் கணக்கு மட்டும் குறைவதில்லை. பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. பழைய கதையில் நிரூபிக்க வேண்டிய கடமை வலியதற்கு உரியது. அலகும் சிறகும் உள்ள காகம்தான் வெயிலில் நின்று கெஞ்சுகிறது, பட்டினி கிடக்கிறது, நிபந்தனையை ஏற்கிறது. எலி தன் அச்சத்துக்காக யாரிடமும் வருந்த வேண்டியதில்லை. இன்றைய நட்புக்கதைகளின் வாய்பாடோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அவற்றில் சிறிய விலங்கு ஒன்று பெரிய விலங்கைக் கண்டு அஞ்சும். பெரியது உண்மையில் நல்லது என்பது பிறகு தெரியவரும். சிறியது தன் அச்சம் தவறென்று கற்றுக்கொள்ளும். தவறு செய்தது யார் என்று பார்த்தால், அஞ்சியதுதான்.

இந்திய வகுப்பறை ஒன்றில் இது வெறும் கற்பனைச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யார் வீட்டுச் செம்பில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதைப் பள்ளிக்கு வருமுன்பே அறிந்துவிடும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் எளிய பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு எலியின் கேள்வி மிக நன்றாகப் புரியும். நீ நல்லவனாக இருக்கலாம், உன் வீட்டார் என்ன செய்வார்கள் என்று அக்குழந்தையும் கேட்டிருக்கும், குறைந்தது மனத்துக்குள்ளாவது. எல்லோரும் நண்பர்கள் என்று முதல் பக்கத்திலேயே அறிவித்துவிடும் புத்தகம் அதற்குப் பதில் சொல்வதில்லை. கேள்வி கேட்டதையே பிழையாக்கிவிடுகிறது. வலிய பக்கத்துக் குழந்தைக்கும் இழப்பு உண்டு: நம்பிக்கையைப் பெறுவதற்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படாமலேயே போகிறது.

சிறு குழந்தைகளுக்கு இவ்வளவும் தாங்காது என்பது வழக்கமான மறுமொழி. 1910இல் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி வங்காளத்தில் வெளியிட்ட ‘துன்துனிர் போய்’ நூலைப் பார்த்தால் அந்த மறுமொழி நிற்காது. கிராமங்களில் மாலைவேளையில் தூங்கிவிழும் சிறு பிள்ளைகளுக்குப் பெண்கள் சொல்லிவந்த கதைகளிலிருந்து எழுந்த நூல் அது. அதில் தையற்சிட்டு ஒன்று கத்தரிச்செடியில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. வீட்டுப் பூனை வரும்போதெல்லாம் சிட்டு தலைதாழ்த்தி, மகாராணி என்று வணங்குகிறது. பூனை மகிழ்ந்து போய்விடும். குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்து அவை பறக்கத் தெரிந்துகொண்ட நாளில், வழக்கம்போல வந்த பூனைக்குக் காலைத் தூக்கிக் காட்டிச் சிட்டு திட்டிவிட்டுப் பறந்துவிடுகிறது. பாய்ந்த பூனைக்குக் கிடைத்தது கத்தரி முள். மிகச் சிறிய கதை. அச்சம், பசப்பு, காத்திருத்தல், தப்பித்தல் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பூனையும் சிட்டும் கட்டிக்கொள்வதில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வங்காளக் குழந்தைகள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நட்பே கதையாகும் இடத்துக்கு 1930களின் தொடக்கத்தில் பிரேம்சந்த் இந்தியில் எழுதிய இரண்டு காளைகளின் கதை உண்டு. ஹீரா, மோத்தி என்ற அந்தக் காளைகள் விற்கப்படாமலேயே வேறு வீட்டுக்கு அனுப்பப்படுகின்றன, தப்பி வருகின்றன, மீண்டும் அனுப்பப்படுகின்றன, முரட்டுக் காளையொன்றோடு மோதுகின்றன, கடைசியில் அத்துமீறி மேயும் கால்நடைகளை அடைக்கும் பவுண்டில் சிக்குகின்றன. அங்கே மோத்தி மண்சுவரை இடித்துத் திறக்கிறது. அடைபட்டிருந்த மற்றவை ஓடிவிடுகின்றன. ஹீராவோ தடித்த கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கயிற்றை அறுக்கப் பார்த்து முடியாமல் போகவே, திறந்த சுவருக்கு முன்னால் மோத்தி ஓடாமல் நின்றுவிடுகிறது. நட்பு என்ற சொல்லை எழுத்தாளர் விளக்க வேண்டிய தேவையே அங்கில்லை. அந்தக் கதை நெடுங்காலம் ஒன்பதாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இருந்தது. ஐந்து வயதில் சர்க்கரைப்பாகு, பதினான்கு வயதில் பிரேம்சந்த். இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தை எதைப் படித்து அங்கே வந்துசேரும் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சுருக்கத்தில் தொலைவது உரையாடல் மட்டுமன்று, விளியும் தொலைகிறது. இருவர் நெருங்குவது இந்திய மொழிகளில் முதலில் முன்னிலைப் பெயரில்தான் தெரியும். இந்தியில் ஆப், தும், தூ. வங்காளத்தில் ஆப்னி, துமி, துய். தமிழில் நீங்கள், நீர், நீ. நீங்கள் என்று தொடங்கும் எலி எந்தப் பக்கத்தில் நீ என்பதற்கு வந்துசேர்கிறது என்பதே தனியொரு கதை. வலியவர் எடுத்த எடுப்பில் நீ என்பதும், எளியவர் அதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் இருப்பதும் இந்த நாட்டுக் குழந்தைக்கு ஐந்து வயதிலேயே தெரியும். ஆங்கிலத்தில் யூ என்ற ஒன்றே இருப்பதால், ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மற்ற மொழிகளுக்கு வரும் கதையில் இந்த ஏற்றத்தாழ்வைக் கேட்பார் இல்லை. மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்திலிருந்தே எல்லா விலங்குகள் வாயிலும் நீ என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பேரம் நடக்குமுன்பே முடிந்துவிடுகிறது.

உறவுப்பெயர்களின் நிலையும் அதுவே. வங்காளத்தில் புலி மாமா, நரி பண்டிதர். இந்தியில் பூனைக்கு மௌசி, அதாவது தாயின் உடன்பிறந்தாள். தமிழில் நரியார். இவற்றைச் செல்லப்பெயர்கள் என்று நினைப்பது தவறு. ஆபத்தானதை உறவாக்கி, அதே சமயம் ஓர் எட்டுத் தள்ளியும் நிறுத்தும் வழி அது. மாமா என்று அழைக்கப்படும் புலியின் மடியில் எந்த ஆட்டுக்குட்டியும் போய் உட்காராது. புதிய புத்தகங்களில் அந்தப் புலிக்குச் சிண்டு, பிண்டு என்று பெயர் வைத்தாகிவிட்டது.

பெயரிடுவதே குற்றமென்று இதற்குப் பொருளில்லை. மகாதேவி வர்மா, காகங்கள் கொத்திப் போட்ட அணிற்குஞ்சைக் காப்பாற்றி வளர்த்ததைப் பற்றி எழுதியபோது, அதன் இனப்பெயரை ஒரு தனிப்பெயராக மாற்றியதாக இலக்கணக்காரர்போலக் குறிப்பிடுகிறார். அணிலைக் குறிக்கும் இந்திச் சொல் பெண்பால். அவர் வைத்த கில்லு என்ற பெயரோ ஆண்பால் வினைகளை ஏற்கிறது. இனத்திலிருந்து ஒன்று தனித்து எழுவதை அந்த ஒரு பால்மாற்றம் காட்டிவிடுகிறது. காப்பாற்றி, மருந்திட்டு, பழகிய பிறகு அணில் ஈட்டிய பெயர் அது.

ஒவ்வொரு மொழியும் விலங்கை வைக்கும் இடம் வேறு. இந்தியில் யானையும் ஆமையும் காகமும் இலக்கணப்படி ஆண்பால், அணிலும் மீனும் சிட்டும் பெண்பால். சாகசத்துக்குப் புறப்படுவது யார் என்பதைப் பாதி இலக்கணமே முடிவுசெய்துவிடும். வங்காளத்தில் அந்தப் பாகுபாடே கிடையாது. தெலுங்கில் ஒருமையில் சிறுமி வந்தாலும் பூனை வந்தாலும் வினைமுற்று ஒன்றே. சிறுவனுக்கு மட்டும் வேறு. சந்தாலியில் மனிதரும் விலங்கும் உயிருள்ளவை என்ற ஒரே வகையில் அடங்குவர், எலியை ஆளாக்க யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. தமிழில் எலி அஃறிணை. ஆயினும் அஃறிணைப் பொருள்கள் கேட்பனபோலவும் பேசுவனபோலவும் சொல்லப்படலாம் என்று நன்னூலார் இடம் தந்திருக்கிறார். எலி சொன்னது என்று எழுதினால் எலியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சி அவன் சொன்னான் என்று மாற்றும் தமிழ்ப் புத்தகங்கள், ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே ஒரு விலங்கை நேசிக்கும் உரிமையைக் குழந்தையிடமிருந்து தேவையில்லாமல் பறிக்கின்றன. ஆங்கிலத்து ஹீ செய்த வேலை அது.

மலிவு விலையில் பல மொழிகளில் படப்புத்தகம் கொண்டுவந்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. தேசியப் புத்தக நிறுவனமும் சங்கர் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957இல் பிறந்தன. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர், யாரும் எடுத்து மொழிபெயர்க்கலாம் என்ற திறந்த உரிமத்தோடு கதைகளை இணையத்தில் வைத்தது. சந்தாலி போன்ற மொழிகளில் பிள்ளைகள் கையில் படக்கதை கிடைப்பது அவ்வழியில் எளிதாயிற்று. வீட்டில் வேறு புத்தகமே இல்லாத குழந்தைக்கு அதன் மதிப்பு என்ன என்பதை நூலகம் உள்ள வீட்டிலிருந்து பேசுவோர் எளிதில் அளந்துவிட முடியாது.

ஆயினும் ஒரே ஓவியம், ஒரே மூல உரை, பல மொழிகள் என்ற முறையில் கதை எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலமோ இந்தியோ முதலில் எழுதப்படுகிறது, படம் வரையப்படுகிறது, உரைக்கான இடம் அளந்து விடப்படுகிறது. மற்ற மொழிகள் அந்தக் கட்டத்துக்குள் பொருந்த வேண்டும். சந்தாலியிலோ தெலுங்கிலோ முதலில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்குப் போகும் கதைகள் ஒப்பிட்டால் குறைவு. அப்படிப் போகுமானால், இந்த எலி காகத்தை எப்படி அழைக்கிறது என்று ஆங்கில மொழிபெயர்ப்பாளர் திகைத்து நிற்கும் நாள் வரும். அந்தத் திகைப்பு நல்லது.

அதுவரை, இருக்கும் பஞ்சதந்திரப் புத்தகங்களின் அடுத்த பதிப்பிலேயே செய்யக்கூடிய சிறு திருத்தம் ஒன்று உண்டு. சிரிக்கும் இரண்டு முகங்களுக்கு முன்னால் இரண்டு பக்கம் சேர்க்கலாம். முதல் பக்கத்தில் வளை, உள்ளே இருட்டில் இரண்டு கண்கள், வெளியே காகம். அடுத்த பக்கத்தில் அதே வளை, அதே கண்கள், அதே காகம். பொழுது மட்டும் சாய்ந்திருக்கிறது.