விலங்கியல் படிக்கும் பிள்ளையும் வயலுக்கு வேண்டும்

பிளஸ் 2 முடிவு வந்ததும் பள்ளிபாளையம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். இன்ஜினியரிங்கா, நர்சிங்கா, பி.காமா? "விலங்கியல் படித்து, காட்டுயிர் ஆராய்ச்சிக்குப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "பாம்பையும் பறவையையும் படிச்சு என்ன பண்ணப் போற?" என்பதுதான் முதல் பதிலாக வரும். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பம் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் பிள்ளைக்குப் பதில் சொல்லும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் மாட்டுக் கொட்டகையோடு சம்பந்தப்பட்டது.

செத்த மாட்டை ஊர்ப் புறம்போக்கில் போட்டால் வட்டமிட்டு இறங்கும் பாறு கழுகுகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 1990களில் அவை நாடு முழுவதும் மறையத் தொடங்கின. ராஜஸ்தானின் பரத்பூரில் 1980களில் கழுகுக் கூடுகளைக் கணக்கெடுத்திருந்த விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எண்ணியபோதுதான் சரிவு வெளியே தெரிந்தது. தொற்றுநோயா, பூச்சிமருந்தா என்று பல சந்தேகங்கள் எழுந்தன. விடை கிடைத்தது 2004இல். பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் வல்லுநரின் குழு அதைக் கண்டுபிடித்தது.

நாமக்கல் கோழிப் பண்ணையாளர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கௌட் வந்து செத்த கோழியை அறுத்தால் ஈரல் மீதும் இதயத்தின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு இருக்குமே, அதேதான். சிறுநீரகம் கெட்டு யூரிக் அமிலம் உடலுக்குள் படிந்திருந்தது. காரணம், மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி நிவாரணி ஊசி. ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்து, அந்த இறைச்சியைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை அது. இழப்பை ஈடுகட்ட அதனால் முடியவில்லை. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன.

பிறகு மாற்று மருந்தையும் ஆராய்ச்சியாளர்களே சோதித்துச் சொன்னார்கள். மெலாக்சிகாம் கழுகைக் கொல்வதில்லை, மாட்டின் வலிக்கும் அது போதும். 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் மாட்டுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. தமிழகத்தில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்கு முதுமலை, சத்தியமங்கலம் பக்கத்து மாயாறு பள்ளத்தாக்குதான் முக்கியப் புகலிடம். அது நமக்குத் தொலைவில் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டை எண்ணத் தெரிந்தவர், சடலத்தை அறுத்துப் படிக்கத் தெரிந்தவர், மருந்தைச் சோதிக்கத் தெரிந்தவர் என எல்லோரும் கல்லூரியில் விலங்கைப் படித்தவர்கள். அவர்கள் மாடு வளர்ப்பவரிடம் "மருந்தே போடாதே" என்று சொல்லவில்லை. எந்த மருந்தைப் போடலாம் என்றுதான் சொன்னார்கள். காட்டுயிர்ப் படிப்பின் பயன் இதுதான்.

நம் வயலில் இன்று நடப்பதைப் பாருங்கள். காவிரிக்கரை நெல்லிலும் கடலையிலும் மயில், கரும்பில் எலி, மலையோரத்தில் காட்டுப்பன்றி. விவசாயிக்குத் தெரிந்த வழி இரண்டுதான்: பொறுத்துக்கொள்வது அல்லது விஷம் வைப்பது. மயிலுக்கு விஷம் வைத்தால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். எலிக்கு வைத்த விஷம் எலியைப் பிடிக்கும் கூகையையும் சாரைப்பாம்பையும் சேர்த்தே கொல்லும். அடுத்த போகத்தில் எலி இரட்டிப்பாகும். மூன்றாவது வழியைக் கண்டுபிடிக்க, வரப்பில் நடந்து வளர்ந்தவரும் விலங்கின் பழக்கம் படித்தவருமாகிய ஒரே ஆள் வேண்டும். நகரத்தில் இருந்து வருபவருக்குக் காடு புரியலாம், நம் கடன் புரியாது. நம் பிள்ளைக்கு இரண்டும் புரியும்.

படிக்க இடமும் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் நம் மாவட்டத்திலேயே இயங்குகிறது. வனவியல் பட்டத்துக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவர்களுக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வன உயிரியல் முதுகலை உண்டு. கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரில் பறவையியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மேல்படிப்புக்கு டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம். விலங்கியல், கால்நடை அறிவியல், வேளாண்மை, வனவியல் பட்டதாரிகள் இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம்.

ஒளிக்காமல் சொல்கிறோம்: கால்நடை மருத்துவம் போல இதில் உடனே வேலை கிடைக்காது. ஆராய்ச்சித் திட்ட வேலைகள் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான், உதவித்தொகையும் குறைவு. முதுகலை வரை படிக்கப் பொறுமை வேண்டும். சேரும் முன் அந்தத் துறையில் படித்த ஒருவரிடம் பேசிவிடுங்கள். கடன் சுமை தாங்காது என்றால், பி.எஸ்சி. விலங்கியலோடு பி.எட். அல்லது போட்டித் தேர்வு என்று இன்னொரு கதவையும் திறந்து வையுங்கள். ஆனால் "பாம்பைப் படிச்சு என்ன பண்ண" என்ற ஒரு வரியில் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

அதுவரை நீங்களே செய்ய வேண்டியதும் இருக்கிறது. மாட்டுக்கு வலி ஊசி போடும்போது "என்ன மருந்து?" என்று டாக்டரைக் கேளுங்கள். கடையில் மனிதருக்கான குப்பி வாங்கி நீங்களே போடாதீர்கள். மருந்து கொடுத்த மாடு இறந்தால் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். எந்தச் சடலத்திலும் விஷம் வைக்காதீர்கள். வேளாண், கால்நடைத் துறைக் களப்பணியாளர்கள் அடுத்த கிராமக் கூட்டத்தில் இந்த நான்கையும் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிளஸ் 2 மாணவியிடம், இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு படிப்பு இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.