அழியும் வெள்ளைக் கோடு. பறிபோகும் மூன்றரை அடி!

சென்னை-

ஜவுளிக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் எதுவானாலும் திறப்பு விழா அன்று கார் நிறுத்தும் இடத்தில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கும். நாளாக ஆகக் கோடு தேய்கிறது. அப்புறம் முந்தியவருக்கே இடம். இதில் முதலில் அடிபடுபவர் சக்கர நாற்காலியில் வருபவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசின் 2019-ம் ஆண்டு கட்டிட விதிகளின்படி ஒரு காருக்கு இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். மாற்றுத்திறனாளி வரும் காருக்கு அகலம் 3.6 மீட்டர் வேண்டும். அந்த இடம் வாசலில் இருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டு நெறி.

கூடுதலாக உள்ள மூன்றரை அடி வீண் இடம் அல்ல. கதவை முழுசாகத் திறந்து, நாற்காலியை இறக்கி, ஆள் மாறி உட்காரும் இடம் அது. கோடு அழிந்தால், “சும்மாதானே கிடக்குது” என்று ஒருவர் ஸ்கூட்டரைச் சொருகிவிடுவார். நாற்காலிக்காரர் திரும்பி வந்தால் காரில் ஏற வழி இருக்காது!

கண்ணாடி மணி

சாதாரண பெயிண்ட் டயர் பட்டுச் சீக்கிரம் போய்விடும். ‘தெர்மோபிளாஸ்டிக்’ கலவையைச் சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கிப் போட்டால் அதிக நாள் தாங்கும். மேலே தூவும் பொடிக் கண்ணாடி மணிகள் ஹெட்லைட் பட்டால் மின்னும். தரையில் எண்ணெய், தூசி, ஈரம் இருந்தால் எதுவும் ஒட்டாது.

தீபாவளிக்குக் கடைச் சுவருக்கு வெள்ளையடிக்கும் முதலாளிகள், வாசல் கோட்டையும் சேர்த்துப் போட்டால் என்ன?