வரலாறு கைமாறுமா? சியாட்டில் சூப்பர்சானிக்ஸும் ஒரு பதிவேட்டுப் பொய்யும்

2025 ஜூன் 22 அன்று ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி, இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸை வென்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் வாகையைச் சூடியது. அந்நகரம் அதைத் தன் முதல் வெற்றியாகக் கொண்டாடியது. என்.பி.ஏ.வின் பதிவேடோ அதனை இவ்வமைப்பின் இரண்டாம் வெற்றியாகக் கணக்கிடுகிறது. முதல் வெற்றி 1979இல் கிட்டியதாம். 1979இல் ஓக்லஹோமாவில் என்.பி.ஏ. அணியே இல்லை. அவ்வாண்டு வாஷிங்டன் புல்லட்ஸை நான்குக்கு ஒன்று என்னும் கணக்கில் வீழ்த்தியது சியாட்டில் நகரின் சூப்பர்சானிக்ஸ் அணி; அதன் பயிற்றுநர் லென்னி வில்கென்ஸ். தண்டர் வென்ற அதே ஜூன் மாத இறுதியில், சியாட்டில் அரங்கின் முன் வில்கென்ஸுக்குச் சிலை திறக்கப்பட்டது. ஒரே வெற்றி, ஓரிடத்தில் சிலையாக நிற்கிறது. மற்றோரிடத்தில் எவரும் உரிமை கொண்டாட விரும்பாத ஓர் எண்ணாகக் கிடக்கிறது.

இதனை விளையாட்டுப் பக்கத்தின் சுவையான துணுக்காகக் கருதிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இதன் அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. ஓர் அணியின் வரலாறு அதன் முதலாளியின் உடைமை. அவர் பெயர்ந்தால் வரலாறும் மூட்டை கட்டிக்கொண்டு உடன் பெயரும் என்பதே அக்கோட்பாடு. அது தவறு. எங்ஙனம் தவறு என்பதைச் சூப்பர்சானிக்ஸின் கதையே காட்டும்.

அவ்வணி 1967இல் பிறந்தது. ஒலியை விஞ்சும் வேகத்தில் பறக்கவல்ல பயணிகள் விமானத்தை வடிவமைக்கும் அரசுத் திட்டத்தைப் போயிங் நிறுவனம் அப்போது வென்றிருந்தது. சியாட்டிலின் வாழ்வே போயிங்கை நம்பியிருந்த காலம் அது. அணியின் பெயர் அந்த விமானத்திலிருந்து வந்தது. 1971இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியதும் விமானம் வானம் காணாமலே கைவிடப்பட்டது. அவ்வாண்டுகளில் போயிங் தொழிலாளர் பல்லாயிரவர் வேலை இழந்தனர். பறக்காத விமானத்தின் பெயரைச் சுமந்த அணி, எட்டாண்டுகள் கழித்து அந்நகரத்துக்கு வாகை தேடித் தந்தது. அப்பெயரைச் சியாட்டிலிலிருந்து பிரித்தால் எஞ்சுவது வெறும் ஒலிக்கூட்டம் மட்டுமே.

அணி பறிபோன வரலாறு பொதுவெளியில் பதிவானதே. ஸ்டார்பக்ஸ் புகழ் ஹோவர்ட் ஷுல்ட்ஸின் குழு 2006இல் அணியைக் கிளே பென்னட் தலைமையிலான ஓக்லஹோமாக் குழுவுக்கு 35 கோடி டாலருக்கு விற்றது. அவ்வாண்டு நவம்பரில், விளையாட்டு முதலாளிகளுக்கு வரிப்பணத்தை ஆதாயமின்றி வாரி வழங்கக் கூடாது என்னும் முன்மொழிவைச் சியாட்டில் வாக்காளர் பெரும்பான்மையாக ஏற்றனர். 2008 ஏப்ரலில் இடப்பெயர்வை அணி உரிமையாளர் 28 பேர் ஆதரித்தனர். இருவர் மட்டுமே எதிர்த்தனர். அரங்கின் குத்தகை 2010 வரை இருந்ததால் நகராட்சி வழக்காடியது. தீர்ப்பு வரவிருந்த ஜூலை 2ஆம் நாள், 4.5 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. அதன்படி அணியின் பெயரும் நிறங்களும் சியாட்டிலில் வருங்காலத்தில் அமையக்கூடிய ஓர் அணிக்காக விட்டுவைக்கப்பட்டன. வரலாறு மட்டும் இரு தரப்புக்கும் ‘பொது’ என்றாயிற்று.

இந்த உடன்பாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். வரல், ஆறு ஆகிய இரண்டும் சேர்ந்ததே வரலாறு என்னும் சொல் என்பர். வந்த வழி என்பது அதன் பொருள். வந்த வழியை நிலம்போல அளந்து பாகம் பிரிக்க இயலாது. அவ்வழியில் நடந்தவர் யாரோ அவருடையது அது. 41 ஆண்டுகள் அவ்வழி நடந்தவர்கள் சியாட்டில் மக்கள். ஓக்லஹோமா மக்கள் 2008 முதல் தமக்கென வேறொரு வழியில் நடந்தனர். அவ்வழி அவர்களை 2025இன் வெற்றிக்குக் கொண்டு சேர்த்தது. அவ்வெற்றியை ‘இரண்டாம்’ என்று எழுதுவது அவர்களுக்கும் இழைக்கப்படும் அநீதியே.

பெயர்கள் பொருளைச் சுட்டுவது எவ்வாறு என்னும் வினாவுக்குச் சால் கிரிப்கி அளித்த விடை மொழியியல் மாணவர் யாவரும் அறிந்தது. ஒரு பெயரிடல் நிகழ்கிறது. பின்னர் அப்பெயர் வாய்க்கு வாய் மாறி ஒரு சமூகத்தின் வழக்கில் சங்கிலியாகத் தொடர்கிறது. அந்தச் சங்கிலியே பெயரை அதன் பொருளோடு பிணைக்கிறது. என்.பி.ஏ. அறிந்திருப்பது வேறொரு சங்கிலியை: ஷுல்ட்ஸ் பென்னட்டுக்கு விற்றார் என்பது போன்ற கிரயப் பத்திரங்களின் சங்கிலியை. ‘பிரான்சைஸ்’ என்னும் சொல்லே இந்த மயக்கத்துக்கு நல்ல சான்று. பழைய பிரெஞ்சில் விடுதலை என்னும் பொருளில் பிறந்த அச்சொல், ஆங்கிலத்தில் குடிமக்களின் வாக்குரிமையையும் குறிக்கும். வணிகரின் உரிமத்தையும் குறிக்கும். சியாட்டிலில் இவ்விரு பொருள்களும் நேருக்கு நேர் மோதின. வாக்குரிமை ஒன்றைச் சொன்னது. உரிமம் ஊரைவிட்டே போயிற்று.

நினைவுப்பொருள் சந்தையிலும் இதே மயக்கம் ஆட்சி செய்கிறது. ஒரு வீரர் ஆட்டத்தில் அணிந்த சட்டை ஏலத்துக்கு வருமுன், அதன் தையலும் கோடுகளின் அமைவும் அன்றைய ஒளிப்படங்களோடு ஒப்பிடப்படுகின்றன. கைமாறிய வரிசை ஆவணப்படுத்தப்படுகிறது. 1998 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டன் அணிந்த சட்டை 2022இல் சதபீஸ் ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் விலைபோனது. இந்த ஆய்வெல்லாம் சட்டை உண்மையானதா என்பதை மட்டுமே நிறுவும். வெறும் ஒரு துணிக்கு அவ்விலை ஏன் வந்தது என்பதை அது விளக்காது. பார்த்தவர்களும், கத்தியவர்களும், மறுநாள் வேலையிடத்தில் அதைப் பற்றியே பேசியவர்களும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு அது. கைமாறிய வரிசை அம்மதிப்புக்குச் சான்று பகரலாம். அம்மதிப்பைப் படைத்ததாக உரிமை கோர முடியாது. அணியின் பதிவேட்டுக்கும் இது பொருந்தும்.

சூப்பர்சானிக்ஸின் பச்சை, பொன் நிறச் சட்டைகள் இன்றும் ‘பழம்பெருமை’ வரிசையில் என்.பி.ஏ.வின் உரிமத்தோடு விற்பனையாகின்றன. அணி பெயர்வதற்கு ஒப்புதல் அளித்த அமைப்பே, அணி போன ஏக்கத்தையும் விலைக்கு விற்கிறது. துக்கத்தை உண்டாக்கியவர் துக்க வீட்டு வாசலிலேயே கடை விரித்திருக்கிறார்.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக எழுகின்றன. முதலாவது, தொடர்ச்சி. வீரர்களும் ஒப்பந்தங்களும் ஓக்லஹோமாவுக்குத்தானே சென்றன, கெவின் டுராண்ட் தம் முதல் ஆண்டைச் சியாட்டிலிலும் இரண்டாம் ஆண்டை அங்கும் ஆடினாரே என்பர். உண்மைதான். ஆயினும் டுராண்டின் ஆட்டக் கணக்கு டுராண்டுக்கு உரியது. அணிப் பதிவேட்டை இரண்டாகப் பிரிப்பதால் அதில் ஒரு புள்ளியும் குறையாது. 2018இல் வேறோர் அணியின் வீரராகச் சியாட்டிலுக்கு ஆட வந்த டுராண்ட், ஷான் கெம்ப்பின் சூப்பர்சானிக்ஸ் சட்டையை அணிந்துதான் அந்நகர மக்கள்முன் நின்றார். எந்த வரலாறு எவருடையது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, வழக்கம். மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 1960இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்ந்தது. தன் 17 வாகைகளில் மினியாபொலிஸில் வென்ற ஐந்தையும் அது சேர்த்தே எண்ணுகிறது. ஏரிகளின் மாநிலமான மினசோட்டாவில் பிறந்த பெயரைக் கலிபோர்னியாவில் சுமந்து திரியும் அவ்வணி, தன் பெயராலேயே தன் கணக்கை மறுத்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை நிகழ்ந்த தவறு மறுமுறைக்கு விதியாகாது. மேலும், மாற்று வழக்கமும் உண்டு. 1988இல் தொடங்கிய சார்லட் ஹார்னெட்ஸ் 2002இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் பெயர்ந்தது. சார்லட்டில் பின்னர் உருவான புதிய அணிக்கு 2014இல் பழைய பெயரும், 1988 முதல் 2002 வரையிலான பதிவுகளும் திரும்பக் கிடைத்தன. அமெரிக்கக் கால்பந்தில் கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் முதலாளி 1996இல் பால்டிமோருக்குச் சென்றபோது, பெயரும் வரலாறும் கிளீவ்லண்டிலேயே தங்கின. மனமிருந்தால் பதிவேடு திருத்தப்படும் என்பதற்கு இவை போதும்.

மூன்றாவது மறுப்பு கடுமையானது: அரங்குக்குப் பணம் தர மறுத்த நகரத்துக்கு அணியின்மீது என்ன உரிமை என்பது. அரங்கு நகராட்சியின் சொத்து. 1990களில் பொதுப்பணத்தைக் கொண்டு புதுப்பிக்கப்பட்டது. பத்தாண்டு கடந்ததும் மீண்டும் கொடு என்று கேட்டவரிடம் மக்கள் முடியாது என்றனர். அது எதிர்காலச் செலவு பற்றிய முடிவு. அதன் வழியாக அவர்கள் தம் கடந்த காலத்தை எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

சியாட்டில் ரசிகர்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. 2008க்குப் பின் தொழில்முறைக் கூடைப்பந்தே இல்லாத நகரம் என்று அவர்களுள் பலர் புலம்புகின்றனர். சியாட்டில் ஸ்டார்ம் என்னும் மகளிர் அணி 2000 முதல் அங்கேயே ஆடுகிறது. பென்னட் குழு வாங்கியதில் அவ்வணியும் அடங்கும். உள்ளூர்ப் பெண்கள் சிலர் 2008இல் அதனை விலைக்கு வாங்கி நகரிலேயே நிறுத்தினர். 2004, 2010, 2018, 2020 என நான்கு முறை அது வாகை சூடியது. நான்கிலும் ஆடிய ஸூ பேர்டுக்கு 2025 ஆகஸ்டில் அதே அரங்கின் முன் சிலை எழுந்தது. தம் வரலாற்றைப் பிறர் மறைப்பதாக முறையிடுவோர், தம் கண்முன் நிகழும் வரலாற்றைத் தாமே மறைத்தல் தகுமா?

எஞ்சியிருப்பவை பொருள்கள். 1979ஆம் ஆண்டின் கோப்பையும், பதாகைகளும், ஓய்வளிக்கப்பட்ட எண்களைத் தாங்கிய சட்டைகளும் சியாட்டிலின் வரலாறு, தொழில் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அவ்வெண்களுள் ஒன்று ஸ்பென்சர் ஹேவுட்டின் 24. கல்லூரிக் காலம் முடியுமுன் வீரரை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்னும் விதியை எதிர்த்துச் சூப்பர்சானிக்ஸ் வீரராக அவர் நடத்திய வழக்கு 1971இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, தொழில்முறை விளையாட்டில் உழைப்பவரின் உரிமையையே மாற்றியது. அவ்வணியின் ஆகச் சிறந்த வீரர்களுள் ஒருவரான கேரி பேட்டனின் 20ஆம் எண்ணோ இன்றுவரை எந்தக் கூரையிலும் ஏறவில்லை. ஓக்லஹோமா ஏற்றவில்லை, சியாட்டிலில் ஏற்றுவதற்கு அணி இல்லை. ‘பொது’ வரலாறு என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்: இருவருக்கும் உரியது என்று எழுதிவைத்தது ஒருவராலும் பேணப்படாமல் போகிறது.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. 1967 முதல் 2008 வரையிலான ஏட்டைச் சியாட்டிலின் பெயரில் தனியே எழுத வேண்டும். தண்டரின் ஏடு 2008இல் தொடங்க வேண்டும். சியாட்டிலுக்கு நாளை புதிய அணி வந்தாலும், கோப்பையையும் பதாகைகளையும் அதன் முதலாளியின் உடைமையாக்காமல் பொது அருங்காட்சியகத்தின் பொறுப்பிலேயே விட வேண்டும். அணிக்குத் தேவையெனில் இரவல் பெற்றுக்கொள்ளட்டும். புதிய முதலாளியும் ஒருநாள் விற்கக்கூடியவரே. மக்கள் சேர்த்த நினைவு, விற்கும் உரிமை எவருக்கும் இல்லாத இடத்தில் இருத்தலே நன்று.