டியூக் சர்வகலாசாலையின் பழைய கோப்புகள்

வெள்ளிவிழா மலர்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் போற்றும் கல்வி ஸ்தாபனங்கள், தங்கள் கூட்டக் குறிப்புகளையும், அனுமதிப் பட்டியல்களையும், கடிதக் கட்டுகளையும் மட்டும் இடத்தை அடைக்கும் குப்பையென எடைக்குப் போட்டுவிடுவது எவ்வகையில் நியாயமோ எனக்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவிலுள்ள டியூக் சர்வகலாசாலை, டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்கும் ‘பிசிஷியன் அசிஸ்டெண்ட்’ என்ற வைத்திய உதவியாளரை உருவாக்கும் தனது பயிற்சித் துறையின் நிர்வாகப் பதிவேடுகளை மருத்துவ ஆவணக் காப்பகத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. நாம் கவனிக்க வேண்டிய காரியம் இது.

1965-ல் யூஜீன் ஸ்டெட் என்னும் பேராசிரியர், கடற்படையில் வைத்திய சேவை செய்து திரும்பிய நால்வரைக் கொண்டு அந்தப் பயிற்சியை ஆரம்பித்தார் என்றும், 1967 அக்டோபர் 6 அன்று அவர்களில் மூவர் தேறினர் என்றும் எழுதி, விழா மலர் திருப்தி அடைந்துவிடும். ஆனால், அதற்கு முன்பே ஸ்டெட்டும் தெல்மா இங்கிள்ஸ் என்ற செவிலியரும் சேர்ந்து அனுபவமிக்க நர்ஸுகளுக்கே உயர்தர வைத்தியப் பயிற்சி தர ஒரு திட்டம் வகுத்ததும், நர்ஸுகளுக்கு டாக்டர்கள் பாடம் நடத்துவதை ஆட்சேபித்துச் செவிலியர் கல்விக்கான தேசிய அமைப்பு அங்கீகாரம் மறுத்ததும், அந்த மறுப்பினாலேயே ஸ்டெட்டின் பார்வை ராணுவத்திலிருந்து திரும்பிய ஆண்களின் பக்கம் சென்றதும் விழா மேடையில் பேசக்கூடிய விஷயங்களா? ஒரு தொழிலின் ஜனனத்துக்கே காரணமான அத்தகைய மறுப்பெல்லாம் கடிதக் கட்டில்தான் கிடக்கும். அப்படியே, 1963-ல்தான் கறுப்பின மாணவர்களை இளங்கலை வகுப்புகளில் சேர்த்துக்கொண்ட அந்தச் சர்வகலாசாலையில், ஜாய்ஸ் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 1970-ல் இத்தொழிலின் முதல் பெண் பட்டதாரியாக வெளிவந்தார் என்ற செய்தியின் பூரண அர்த்தமும், அவருக்கு முன்னும் பின்னும் யார் யார் சேர்க்கப்பட்டனர் என்ற அனுமதிப் பட்டியலை வைத்துப் பார்த்தால்தான் புலப்படும்.

மாணவர்களின் மதிப்பெண்களும் அந்தரங்க விவரங்களும் அம்பலமாகிவிடுமே என்று சிலர் அஞ்சலாம். அச்சம் நியாயமானதே, அதற்காக அவற்றை ஒரு தலைமுறைக் காலம் பூட்டி வைக்கலாமேயன்றி, ஒழித்துவிட வேண்டியதில்லை.

இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். இந்தியாவில் பிசிஷியன் அசிஸ்டெண்ட் பயிற்சி 1992-ல் நம் சென்னையில், டாக்டர் கே.எம். செரியனின் முயற்சியால் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் ஆரம்பமாயிற்று. மத்திய சட்டத்தில் இத்தொழில் இடம்பெற 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் படித்துத் தேறியவர், தாம் எந்தப் பாடத்திட்டத்தின்படி எத்தனை மணி நேரம் நோயாளியின் படுக்கையருகே பயின்றார் என்று நிரூபிக்க, படித்த இடத்துப் பதிவேட்டைத்தானே நம்பியிருக்க வேண்டும்? இதைப் போதிக்கும் கல்லூரிகள் இன்று பெருகிவிட்ட நிலையில், ஒவ்வொன்றும் தன் முதல் பத்து வருஷக் கோப்புகளையேனும் நூலகத்தின் பொறுப்பில் ஒப்படைத்து, அவற்றை வகைப்படுத்த ஒரு குமாஸ்தாவுக்குச் சம்பளமும் ஒதுக்க வேண்டும். வருஷந்தோறும் பட்டமளிப்பு விழாப் பந்தலுக்கு ஆகிற செலவை நோக்கினால், அது ஒன்றும் பெரிய தொகையாகிவிடாது.