தட்டைப் பிரிக்க வேண்டாம்... ஜன்னலைத் திறங்க!

பட்டினப்பாக்கத்தில் கடற்காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ஐந்தாறு பேர் ஒன்றாகப் படுத்துறங்கும் ஒற்றை அறை வீடுகளுக்குள் அந்தக் காற்று எட்டிப் பார்ப்பது அபூர்வம். அப்படியொரு வீட்டில் ஒருவருக்கு 'டி.பி' என்று தெரிந்ததும் முதலில் நடப்பது என்ன? அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்!

உண்மையில் காசநோய் தட்டில் பரவுவதில்லை, காற்றில் பரவுகிறது.

எப்படிப் பரவுகிறது?

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும், தும்மும்போதும், பேசும்போதும்கூட நுண்துளிகளில் கிருமி வெளியேறும். காற்றோட்டமில்லாத அறையில் அது மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றையே தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கிருமி தொற்றிய எல்லோரும் நோயாளி ஆவதில்லை. 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. சர்க்கரை நோய், சத்துக்குறைவு, எச்.ஐ.வி, புகை, மது ஆகியவை உடலின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்போது, அடங்கிக் கிடந்த கிருமி விழித்துக்கொண்டு நுரையீரலை அரிக்கத் தொடங்கும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, சளியில் ரத்தம்... இவற்றில் எது இருந்தாலும் பரிசோதனை அவசியம். முதுகெலும்பு, மூளை, நிணநீர்க்கட்டி என மற்ற உறுப்புகளையும் காசநோய் தாக்கலாம்.

உலகுக்கு வழிகாட்டிய சென்னை

ஒருகாலத்தில் காசநோய் என்றாலே குடும்பத்தைப் பிரிந்து சானடோரியத்துக்குப் போக வேண்டும். அதை மாற்றியது சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய மருத்துவ ஆய்வில், நெரிசலான பகுதிகளில் வசித்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வீட்டிலும், மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் அதே மாத்திரைகள் ஓராண்டுக்கு.

1959-ல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்த சானடோரியம் நோயாளிகளுக்கு ஏறத்தாழ இணையாக வீட்டில் இருந்தவர்களும் குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. ஆபத்து, சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய இருமலில்தான் இருந்தது. அந்த ஆய்வு மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள். நோயாளி முகக்கவசம் அணியட்டும்.

* வீட்டில் உள்ள அனைவரும், முக்கியமாகக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை தருவார்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி தடுப்பூசி, குழந்தைகளைத் தீவிரமான காசநோயிலிருந்து காக்கும்.

* குடும்பம் முழுவதுக்கும் சத்தான சாப்பாடு வேண்டும். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில், நோயாளியின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவு தந்தபோது புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது.

* வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள். சில வாரங்களிலேயே இருமல் நின்றுவிடும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது மாறலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயம் வேண்டாம்; அது மாத்திரையின் நிறம்தான்.

அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். சந்தேகங்களுக்கு, கட்டணமில்லா எண்: 1800-11-6666.

தனித் தட்டு எடுத்து வைப்பதற்குப் பதில், தினமும் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேளுங்கள். நோயாளியும் பிழைப்பார், குடும்பமும் பிழைக்கும்.