சென்சார் வெச்சாச்சு, அடுத்து?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ எந்த டிபார்ட்மென்ட்ல நடந்தாலும் ஒரு ப்ளாக் டயகிராம் கண்டிப்பா வரும். இடது பக்கம் சென்சார், நடுவுல ஒரு நோட் எம்சியு, அடுத்து க்ளவுட், வலது ஓரத்துல மிச்சம் இருக்கிற இடத்துல ஒரு குட்டிக் கட்டம். அதுக்குள்ள ‘டாக்டர்’னு எழுதியிருக்கும். சென்சாரோட அக்யூரசி எவ்வளவுன்னு பேனல்ல பத்து நிமிஷம் குடைவாங்க. அந்தக் கட்டத்துக்குள்ள யார் உட்கார்ந்திருக்காங்க, அலர்ட் வந்தா என்ன பண்ணுவாங்கன்னு ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ்ல உண்மையான டிசைன் ப்ராப்ளமே அந்தக் கட்டம்தான் என்பது என் கட்சி. உடம்புக்குள்ளேயே பொருத்துற சென்சார்களோட கதையைப் பாருங்க, புரியும்.

ஹார்ட் ஃபெயிலியர்னா இதயம் நின்னுபோறது இல்லை, பம்ப் பண்ற திறன் போதாம போறது. ரத்தம் சரியா வரலைன்னு கிட்னி உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும். கால் வீங்கும், நுரையீரல்ல நீர் கோர்க்கும், ராத்திரி படுத்தா மூச்சு வாங்கும். நீர் மாத்திரை கொடுத்து அதை வெளியேத்துவாங்க. அதிகமானா பிபி இறங்கி கிட்னி அடி வாங்கும், கம்மியானா மறுபடியும் அட்மிஷன். தினமும் எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்றது பழைய வழி. ஆனா எடையில மாற்றம் தெரியுறதுக்கு முன்னாடியே நுரையீரல் தமனியில பிரஷர் ஏற ஆரம்பிச்சிடும்.

அந்தப் பிரஷரை அளக்க வந்ததுதான் கார்டியோமெம்ஸ். ஜார்ஜியா டெக்ல மார்க் ஆலன் செஞ்ச மெம்ஸ் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது, இன்னைக்கு அபாட் கம்பெனி கையில இருக்கு. நீளம் சுமார் 15 மில்லிமீட்டர். பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர், அவ்ளோதான். நாம திட்டிக்கிட்டே படிச்ச அதே எல்சி சர்க்யூட்! அழுத்தம் ஏறினா கெப்பாசிட்டன்ஸ் மாறும், ரெசனன்ஸ் ஃப்ரீக்வென்சி நகரும். தொடைப் பக்கம் இருக்கிற சிரை வழியா கத்தீட்டர் விட்டு, நுரையீரல் தமனியோட ஒரு கிளையில வைக்கிறாங்க. ரெண்டு முனையிலயும் உள்ள நிட்டினால் கம்பி வளையங்கள் அதை நகராம பிடிச்சுக்கும். நோயாளி தினமும் ஆன்டெனா வெச்ச ஒரு தலையணை மேல கொஞ்ச நேரம் படுத்தா போதும். அது வெளியிலிருந்தே எனர்ஜி கொடுத்து ஃப்ரீக்வென்சியைப் படிச்சு அனுப்பிடும். அழகான இன்ஜினியரிங், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனா சாம்பியன்னு பேர் வெச்ச அமெரிக்க ட்ரையலை கவனிங்க. 2011ல லான்செட்ல வந்தது. 550 நோயாளிகள், எல்லாருக்குமே சென்சார் பொருத்தினாங்க. எல்லாரும் தலையணையில படுத்து ரீடிங் எடுத்தாங்க. பாதிப் பேரோட ரீடிங் மட்டும்தான் டாக்டர்கள் கண்ணுக்குப் போச்சு, அதைப் பார்த்து அவங்க மாத்திரை அளவை மாத்தினாங்க. ஆறு மாசத்துல அந்தக் குழுவுல ஹார்ட் ஃபெயிலியர் அட்மிஷன் 28 சதவீதம் குறைவு. இன்னொரு குழு உடம்புக்குள்ளயும் அதே சென்சார், அதே அக்யூரசி. பார்க்க ஆள் இல்லை, பலனும் இல்லை.

அதே வருஷம் வந்த டாட்-எச்எஃப் இதுக்கு நேர் எதிர். ஏற்கெனவே பொருத்தியிருந்த இதயக் கருவியே நெஞ்சுக்குள்ள இம்பீடன்ஸை அளக்கும். நுரையீரல்ல நீர் சேர்ந்தா கரன்ட் சுலபமா பாயும், இம்பீடன்ஸ் குறையும். குறைஞ்சா கருவி நோயாளிக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடும். 335 பேர். சத்தம் கேட்ட குழுவுல அட்மிஷன் குறையலை, கூடிச்சு! யோசிச்சா இதுல ஆச்சரியமே இல்லை. நெஞ்சுக்குள்ள அலாரம் அடிச்சா வீட்டுல யாருங்க சும்மா இருப்பாங்க?

கார்டியோமெம்ஸுக்கு 2011 டிசம்பர்ல அமெரிக்க எஃப்டிஏவோட ஆலோசனைக் குழு முட்டுக்கட்டை போட்டது. ரீடிங் தெரிஞ்ச குழுவுக்கு மட்டும் கம்பெனியோட நர்ஸ்கள் டாக்டர்களுக்கு ஆலோசனை அனுப்பியிருந்தாங்க. அப்போ பலன் சென்சாரால வந்ததா, நர்ஸால வந்ததான்னு சந்தேகம். பிற்பாடு நர்ஸ் ஆலோசனை இல்லாம, மத்தக் குழுவோட ரீடிங்கையும் டாக்டர்களுக்குத் திறந்துவிட்டாங்க. அவங்களுக்கும் அட்மிஷன் குறைஞ்சது. 2014 மேயில அனுமதி கிடைச்சது. எஃப்டிஏ கேட்டது நியாயமான கேள்வி. ஆனா நர்ஸை ஏதோ எக்ஸ்பெரிமென்ட்ல கலந்த தூசி மாதிரி பார்த்தது எனக்கு உறுத்துது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ஆக்சுவேட்டர் போடாம ஃபீட்பேக் லூப் வரைஞ்சா மார்க் போடுவாங்களா? இங்கே ரீடிங்கைப் பார்த்து மாத்திரையை மாத்துற மனுஷங்கதான் ஆக்சுவேட்டர்.

இதுக்கப்புறம் எல்லா ட்ரையலும் ஜெயிச்சுதுன்னு சொல்ல வரலை. 2021ல வந்த கைட்-எச்எஃப்ல 1000 பேர், மொத்தக் கணக்குல முக்கிய இலக்கை எட்டலை. கோவிடுக்கு முந்தைய டேட்டாவை மட்டும் தனியா எடுத்தா பலன் தெரிஞ்சது. அதை வெச்சு இன்னும் சண்டை போடலாம்.

விலைக்கு வருவோம். அமெரிக்காவுல கருவி மட்டுமே 18,000 டாலர் பக்கம். நம்ம அரசு ஆஸ்பத்திரி வார்டுல மூச்சு வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு அது எந்தக் காலத்துல வரும்? ஆனா அந்த வலது ஓரக் கட்டத்துல உட்கார வேண்டிய ஆள் நம்ம தெருவுல ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்காங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிபி மாத்திரையும், வீட்டுலயே டயாலிசிஸ் பண்றவங்களுக்கு திரவப் பையும் வீடு தேடி வருது. அவங்க கையில ஒரு லோட் செல் வெச்ச எடை மிஷினைக் கொடுத்து, மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா யாருக்கு போன் போகணும், எத்தனை மணி நேரத்துல பதில் வரணும், எந்த அளவு வரைக்கும் மாத்திரையைக் கூட்டலாம்னு டாக்டர் முன்கூட்டியே எழுதித் தரணும், போன் ஸ்விட்ச் ஆஃப்னா அடுத்தது யார்னு ஒரு டீம் உட்கார்ந்து டிசைன் பண்ணலாம். எடை லேட்டாத்தான் காட்டும், ஒத்துக்கிறேன். ஆனா லேட்டா வந்த நம்பரை அன்னைக்கே ஒருத்தர் பார்த்தா, சீக்கிரம் வந்து சர்வர்ல தூங்குற நம்பரை விட அது மேல்னு நினைக்கிறேன். என்ன, டெமோ அன்னைக்கு எல்இடி எதுவும் மின்னாது.