வாசல் திறந்துதான் இருக்கிறது



சென்னை கிரீம்ஸ் சாலை என்றதும் பலருக்கு மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். அதே சாலையில்தான் லலித் கலா அகாதெமியின் மண்டல மையமும் இருக்கிறது. உள்ளே போக நுழைவுச் சீட்டு கிடையாது. ஒரு வாரம் கல்லூரி மாணவர்களின் நீர்வண்ண ஓவியங்கள், அடுத்த வாரம் சுடுமண் சிற்பங்கள், பிறகு ஒளிப்படங்கள் என்று அந்தச் சுவர்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அந்த வாசலைத் தாண்டாமல் போகிறவர்களே அதிகம். “நமக்கு மாடர்ன் ஆர்ட் புரியாதுங்க” என்று தயங்குகிறார்கள்.

இந்தத் தயக்கம் தேவையே இல்லை. ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வந்தபோது ஓவியர் ஆதிமூலம் வரைந்த கோடுகளை நம் வீடுகளில் எத்தனை பேர் ரசித்திருப்பார்கள்! துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர் ஆதிமூலம். அந்தக் கோட்டுக்கு யாரும் பொருள் கேட்கவில்லை. கரிசல் மண்ணின் முகங்களை அதில் கண்டுகொண்டோம், அவ்வளவுதான். அதே கைதான் பின்னாளில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளையும் தீட்டியது.

பத்திரிகைக்காரனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆளுயர ஓவியத்தை நாங்கள் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித்தான் அச்சிடுகிறோம். எண்ணெய் வண்ணம் திட்டுத்திட்டாக மேடிட்டிருப்பதும், ஒரு நிறத்துக்கு அடியிலிருந்து இன்னொரு நிறம் எட்டிப் பார்ப்பதும், இரண்டடி பின்னால் நகர்ந்ததும் எல்லாம் ஒன்றுகூடி உருவமாவதும் எங்கள் தாளில் வராது. கைபேசித் திரையிலும் வராது. அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

எட்சிங் படங்களைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். உலோகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, மேலே படிந்த மையைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். படத்துக்குக் கீழே பென்சிலில் 3/10 என்று எழுதியிருந்தால், எடுத்த பத்துப் படிகளில் அது மூன்றாவது. இதை அறிந்தபின் பார்க்கும்போது ஒவ்வொரு கோட்டிலும் ஓர் ஆளின் உழைப்பு தெரிகிறது. கண்காட்சியின் தொடக்க நாள் மாலையில் போனால் ஓவியரே அங்கே நிற்பார். “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். ஆர்வமாகக் கேட்பவரிடம் மனம்விட்டுப் பேசாத ஓவியரை நான் பார்த்ததில்லை.

கூடங்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள்: படத்தின் அருகே ஒட்டும் குறிப்பைத் தமிழிலும் எழுதுங்கள். தயங்கி நிற்பவரை உள்ளே அழைக்க அந்த நாலு வரி போதும்.

சென்னைவாசிகளுக்கு இன்னும் இரண்டு இடங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய ஓவியர் கிராமமான சோழமண்டலம் ஒன்று. படம் விற்று மட்டும் பிழைக்க முடியாது என்று தெரிந்து, பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் தீட்டியவர்கள் அவர்கள். மற்றொன்று எழும்பூர் அருங்காட்சியகம். அங்குள்ள திருவாலங்காட்டு நடராசரை ஒளிப்படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு உருகி எழுதினார் பிரெஞ்சுச் சிற்பி ரோதின். நாம் பேருந்து ஏறிப்போய் நேரிலேயே பார்க்கலாம்.

இந்த விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். உங்களை நிறுத்திவைத்த ஒரே ஒரு படைப்பைப் பற்றி ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. எந்த ஊரில், எந்தக் கூடத்தில் பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்